தும்பிக்கை வைத்த னை

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவிய தண்ணீர் செம்மண்ணாய் இறங்கும் ஓடைக்கு மேலே
ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அந்த வண்டி.
என்ன வண்டி என்று கேட்டால் சொல்வதற்கில்லை.
முன்பக்கம் பார்த்தவர் ஒரு பேர் சொன்னார்.
பின்பக்கம் பார்த்தவர் பந்தயம் கட்டினார், இல்லையென்று.
இருவருக்கும் டீ வாங்கித் தந்தோம்.

எஞ்சின் ஏதோ எஸ்டேட்டில்
தேயிலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.
கியர்பெட்டி வெலிங்டன் ஏலம்.
சேஸிஸ் இரண்டு கம்பெனி இரும்பு,
நடுவில் பற்றவைத்த தழும்பு.
நான் வெல்டர். சொல்கிறேன்,
என்னைவிட நல்ல கை அது.
ஹாரன் மட்டும் மேட்டுப்பாளையம் பஸ்ஸுடையது.
அழுத்தினால்
நிறுத்தத்தில் நிற்பவர்கள் பையைத் தூக்குகிறார்கள்.

மாதியக்கா எடைக்கு எடுத்திருந்தாள்,
பழைய இரும்பு விலைக்கு மேல் ஐந்நூறு.
"ஓடுமா?" என்றாள்.
ஜபருல்லா வெற்றிலையைத் துப்பிவிட்டு
"ஓட்டலாம்" என்றான்.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே
தொண்ணூற்று மூன்று நாள்.

ஒரே சக்கரத்தில் நாலு நட்டு இஞ்ச்,
ஐந்தாவது மில்லிமீட்டர்.
அந்த ஐந்தாவதில் போனது என் விரல்முட்டித் தோல்.
உக்கடத்தில் கடைக்காரர் கேட்டார், "எந்த மாடலுக்கு?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
பிறகு ஜபருல்லா
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்:
இவ்வளவு நீளம்.

நடுவில் ஒரு ஆசை வந்தது.
எஞ்சினுக்கே உரிய, முத்திரை குத்திய கார்புரேட்டர்
கோவையிலிருந்து தினத்தாள் சுற்றி வந்தது.
பொருத்தினால் பூட்டுக்குள் சாவி.
எல்லநள்ளி ஏற்றத்தில் கறுப்பாய்ப் புகைந்து,
மூச்சு முட்டி, நின்றது வண்டி.
தள்ளிக்கொண்டு திரும்பினோம்.

பழையதைப் பிரித்துப் பார்த்தால்
பெட்ரோல் வரும் துளைக்குள்
முடி கனத்தில் ஒரு பித்தளைக் கம்பி.
ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு,
பெட்ரோலையும் குறைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று
யாரோ ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது.
கம்பெனிக்குத் தெரியாது, கம்பெனி சமவெளியில் இருந்தது.
ஜபருல்லா அன்று சாப்பிடும்வரை பேசவில்லை.

இடது கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.
பச்சைக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே நீலம்,
நீலத்தில் வெள்ளையாய் ஒரு னை.
இப்போது எழுதும் னை இல்லை.
தும்பிக்கை வளைத்த பழைய னை.
அதற்கு முன்னிருந்த எழுத்தெல்லாம்
யாரோ வைத்த ஒட்டுத் தகரத்துக்குள் போய்விட்டன.

மருத்துவமனை என்றான் ஜபருல்லா.
விற்பனை, நான்.
மூட்டை தைக்கும் சுகந்தி
கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி குனிந்து பார்த்தாள்.
அவள் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் நிறுத்திய எழுத்து.
"யானைண்ணா. தும்பிக்கை தெரியலயா?"
மாதியக்கா கதவை ஒருமுறை அறைந்து சாத்திப் பார்த்தாள்.
"கொக்கி நிக்குது. போதும்."

கதவு முழுக்க அடர்நீலம் அடித்தேன்,
ஒரு உள்ளங்கை அகலம் விட்டுவிட்டு.

ஊட்டியில் எஃப்.சி. பார்த்த அதிகாரி
தயாரிப்பு ஆண்டு என்ற கட்டத்துக்கு மேல்
பேனாவை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.
எஞ்சின் ஐம்பத்தெட்டு. சேஸிஸில் பாதி அறுபத்தொன்று.
கூரை போன செவ்வாய்க்கிழமை.
ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததையே எழுதிக்கொண்டு
பிரேக்கை மட்டும் மூன்று தடவை பார்த்தார். நல்ல மனிதர்.

முதல் லோடு இருபத்திரண்டு மூட்டை.
இரவு பதினொன்றுக்கு இறங்கினோம்.
ஒரு விளக்கு மஞ்சள், ஒன்று வெள்ளை.
குன்னூர் தாண்டியதும் பனிமூட்டம்.
வெள்ளை விளக்கு பனியைக் காட்டியது,
மஞ்சள் ரோட்டைக் காட்டியது.
இரண்டாவது கியர் துள்ளி வெளியே வரும்,
முழங்காலால் அணைத்துப் பிடிக்கவேண்டும்.
பர்லியாறு தாண்டி
ஜன்னலில் வெக்கை அடிக்கத் தொடங்க,
எஞ்சின் இருமியது.

கல்லாறில் ஓரங்கட்டினான் ஜபருல்லா.
டார்ச்சை என் வாயில் திணித்து, பானெட்டைத் தூக்கி,
பெட்ரோல் சொட்டும் விரலால்
அந்தக் கம்பியை உருவிக் காதிடுக்கில் செருகிக்கொண்டான்.
"ஏறும்போது ஞாபகப்படுத்து."

மண்டிக்குப் போய்ச் சேரும்வரை
அவன் காதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.